ரோட்டைத் தோண்டும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான சாலை வெட்டு அனுமதி வழிகாட்டி

வீட்டுக்குக் குடிநீர்க் குழாய், கடைக்கு நிலத்தடி மின் கேபிள், புதுக் கட்டடத்துக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு, அலுவலகத்துக்கு ஃபைபர் என்று எதை எடுத்தாலும் ஒரு கட்டத்தில் தெருவில் கடப்பாரை இறங்கியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் வாங்க வேண்டியதுதான் ரோடு கட்டிங் பெர்மிஷன். அரசுக் காகிதங்களில் சாலை வெட்டு அனுமதி என்று இருக்கும்.

பணம் கட்டி ரசீது வாங்கும் சடங்காகத்தான் பலரும் இதைப் பார்க்கிறார்கள். அனுமதிக் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்தால் தெரியும்: தோண்டுவதைப் பற்றி அதில் கொஞ்சம்தான் இருக்கும், மூடுவதைப் பற்றியே நிறைய இருக்கும். யார் மூடுவது, எதைப் போட்டு மூடுவது, யார் பணத்தில், எந்தத் தேதிக்குள். இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் குழி வெட்டினால், பின்னால் வரும் தகராறு எல்லாம் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வீட்டுக்காரர்கள், சிறு ஒப்பந்ததாரர்கள், தன் தெருவை யாரோ தோண்டிப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று மூன்று தரப்பையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ரோடு யாருடையது என்று கண்டுபிடிப்பது

மனு எழுதுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. பாதிப் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் ஓடுகிறது, இருபுறமும் நகராட்சிக்கு வரி கட்டும் கடைகள். அதனால் நகராட்சி ரோடு என்றுதான் தோன்றும். ஆனால் ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம், தருமபுரி வழியாகத் திருப்பத்தூர் போகும் மாநில நெடுஞ்சாலை 60-இன் பகுதி அது. அந்த ரோட்டைக் குறுக்கே வெட்ட நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். அதிலிருந்து பிரியும் சந்தில் பத்தடி உள்ளே போனால் நகராட்சி. பெரிய குழாய் மெயின் ரோட்டின் எதிர்ப்பக்கம் இருந்து உங்கள் வீடு சந்துக்குள் இருந்தால், ஒரே குழாய்க்கு இரண்டு அலுவலகங்களில் மனு போட வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து பிரியும் பெரிய ரோடுகளுக்கும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

உள்ளாட்சித் தெருக்களில் யாரிடம் போவது என்பது எளிது. தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளிலும், 2019-இல் மாநகராட்சியான ஓசூரிலும் மனு ஆணையர் பெயருக்கு. பார்ப்பது பொறியியல் பிரிவு. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், பர்கூர், காவேரிப்பட்டணம் போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலர். இவை எல்லாம் இப்போது இயங்குவது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ். சட்டம் பழையதாக இருந்தாலும், அதற்கான விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அதுவரை 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பழைய சட்டத்தின் பிரிவு எண்ணைப் போட்ட மாதிரி மனுவைக் கொடுத்தால் அதை அப்படியே நகல் எடுக்காதீர்கள்.

நகர எல்லை தாண்டினால் ஊராட்சி. அங்கே 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். தெரு ஊராட்சியுடையதா, ஒன்றியச் சாலையா என்பதை வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். நகரத்தை ஒட்டி வளர்ந்த நகர்களில் தெருவின் ஒரு முனை நகராட்சியிலும் மறு முனை ஊராட்சியிலும் இருப்பது உண்டு. பக்கத்து வீட்டுச் சொத்து வரி ரசீதை வாங்கிப் பார்த்தால் அது எந்த அலுவலகத்தின் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலைத் துறையின் ரோடு என்றால் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். முதலில் பார்க்க வேண்டியவர் அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளர். கோப்பு அங்கிருந்து உதவிக் கோட்டப் பொறியாளர் வழியாகக் கோட்டப் பொறியாளருக்குப் போகும். நேராகக் கோட்டப் பொறியாளரிடம் கொடுத்தாலும், இட ஆய்வுக்கு அது கீழே இறங்கித்தான் மறுபடி ஏறும்.

அப்புறம் தேசிய நெடுஞ்சாலை. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது பெரிய விஷயம். கிருஷ்ணகிரியில் மட்டும் 44, 48, 77 என்று பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வருவது 844. அரூர், ஊத்தங்கரை வழியாகப் போவது 179ஏ. சிலவற்றை தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நேரடியாகப் பார்க்கிறது. சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவின் பொறுப்பில் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கு 2002-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. குழாய், கேபிள் கொண்டுபோவதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையும் உண்டு. உரிமக் கட்டணம், வங்கி உத்தரவாதம், வரைபடம் என்று அது நீளும். ஒரு வீட்டு இணைப்புக்காக இந்த வழியில் இறங்குவதைவிட, ஏற்கெனவே ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக விட்ட சிறு பாலமோ (கல்வெர்ட்) குழாய்ப் பாதையோ அருகில் இருக்கிறதா என்று தேடுவது புத்திசாலித்தனம்.

ஊருக்கு வெளியே என்றால் மைல் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. நகரத்துக்குள் கல் இருக்காது, இருந்தாலும் கடைக்காரரின் படிக்கட்டுக்குள் புதைந்திருக்கும். அங்கே அலுவலகத்தில் கேட்பதுதான் வழி. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாமல், "இச்சாலை எத்துறையின் பராமரிப்பில் உள்ளது" என்று ஒரு வரி மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

இரண்டு விதிவிலக்குகள். தண்டவாளத்துக்கு அடியில் குழாய் போக வேண்டும் என்றால் ரயில்வே அனுமதி. தருமபுரி வழியாகப் போகும் ஓசூர்–ஓமலூர் பாதை சேலம் கோட்டத்தில் இல்லை. அது தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். சேலத்துக்குப் பேருந்து ஏறிவிடாதீர்கள். இன்னொன்று தனியார் லேஅவுட். மனை விற்றவர் தெருக்களைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருந்தால் அது பொதுச் சாலை. ஒப்படைக்காத தெரு என்றால் நகராட்சி அனுமதி தரத் தயங்கும், பக்கத்து மனைக்காரர் தடுப்பார். அந்தச் சிக்கலைத் தீர்க்காமல் தோண்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மண்ணுக்கு அடியில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்

நம் பக்கத்தில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் நம் ஊர்களில் நிறைய. அதற்காகத்தான் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் பெரிய குழாய்களில் சாலையோரமாகத்தான் போகிறது. ஜேசிபி பக்கெட்டின் ஒரு பல் அதில் பட்டால் ஒரு தெருவோடு போகாது. அந்த வழியில் அடுத்திருக்கும் ஊர்கள் எல்லாம் மறுபடி போர்வெல் தண்ணீருக்குத் திரும்ப வேண்டிவரும். நீங்கள் வெட்டும் பாதைக்கு அருகில் இந்தத் திட்டக் குழாய் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் உள்ளூர்ப் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஆள் வந்து காட்டிய பிறகே தொடுங்கள்.

மின்வாரியக் கேபிள், பி.எஸ்.என்.எல். கேபிள், தனியார் ஃபைபர், நகராட்சியின் பகிர்மானக் குழாய், பாதாளச் சாக்கடை ஆகியவற்றுக்கும் இதே விசாரிப்பு. எந்த அலுவலகத்திலும் முழுமையான வரைபடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காகிதத்தைவிட அந்த வார்டில் வால்வு திறந்து மூடும் ஊழியருக்கு அதிகம் தெரியும். அவரை மரியாதையாகக் கூப்பிட்டு, "அண்ணா, மெயின் எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மின்வாரிய லைன்மேனிடமும் அதையே செய்யுங்கள்.

ஒப்பந்ததாரர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது: மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டுவந்த 'கால் பிஃபோர் யு டிக்' செயலியில் தோண்டும் இடத்தையும் தேதியையும் பதிவது. அந்த இடத்தில் குழாயோ கேபிளோ வைத்திருப்பதாகப் பதிவு செய்துள்ள நிறுவனங்களுக்குத் தகவல் போகும், அவர்கள் தொடர்பு எண்ணும் உங்களுக்குக் கிடைக்கும். பதிவு செய்யாத கேபிள் செயலியில் தெரியாது. எனவே செயலி காலி என்று சொன்னாலும் மண் காலி என்று நம்பக் கூடாது. பெரிய வேலை என்றால் பாதையில் இரண்டு மூன்று இடங்களில் ஆளை விட்டுக் கையால் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள்.

சோதனைக் குழியால் இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊர் மண் பாறை மேல் போர்த்திய மெல்லிய போர்வை. கிருஷ்ணகிரி கிரானைட் ஏற்றுமதிக்குப் பேர் போனது. அதே கல் தெருவுக்கு அடியிலும் இருக்கிறது. இரண்டடியில் பாறை தட்டினால் வேலை நாளும் கூலியும் இரட்டிப்பாகும். விலை பேசும் முன்பே அது தெரிந்திருப்பது நல்லது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

வீட்டுக் குடிநீர் இணைப்புக்கும் பாதாளச் சாக்கடை இணைப்புக்கும் பொதுவாகத் தனி மனு தேவைப்படாது. நகராட்சி நிர்வாகத் துறையின் இணையதளத்திலோ அலுவலகத்திலோ இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே சாலை வெட்டுக் கட்டணமும் மதிப்பீட்டில் சேர்ந்து வரும். சொத்து வரி ரசீது, அடையாளச் சான்று, உரிமையாளர் பெயரில் உள்ள ஆவணம் போதும். வரி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். பாக்கியோடு போன மனு அங்கேயே தூங்கும்.

மற்ற வேலைகளுக்குத் தனி மனு. அதில் எழுதியே ஆக வேண்டியவை: தெருவின் பெயரும் வார்டு எண்ணும், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, நீளம் அகலம் ஆழம் மீட்டரில், மேற்பரப்பு தாரா காங்கிரீட்டா பேவர் பிளாக்கா மண்ணா, என்ன குழாய் அல்லது கேபிள், வேலை தொடங்கும் முடியும் நாள், களத்தில் பொறுப்பாளர் பெயரும் கைபேசியும். கூடவே கையால் வரைந்ததாக இருந்தாலும் ஒரு வரைபடம், தெருவின் இப்போதைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள். இந்தப் புகைப்படத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஏற்கெனவே இருந்த வெடிப்பையும் பள்ளத்தையும் உங்கள் கணக்கில் எழுதாமல் இருக்க அது ஒன்றுதான் சாட்சி.

ஆழம் எழுதும்போது தோன்றியதைப் போடாதீர்கள். மின் கேபிளுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1255, தாழ்வழுத்தக் கேபிளுக்கு 0.75 மீட்டர், 11 கிலோவோல்ட் வரை 0.9 மீட்டர், சாலையைக் கடக்கும் இடத்தில் 1 மீட்டர் என்கிறது. வீட்டுக் குடிநீர்க் குழாய்க்கு 0.6 முதல் 1 மீட்டர் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 98 நெறிமுறை. பாறையால் அந்த ஆழம் போக முடியவில்லை என்றால், குழாயை இரும்பு உறைக் குழாய்க்குள் விட்டோ சுற்றிலும் காங்கிரீட் போட்டோ பாதுகாக்கலாமா என்று பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆழம் குறைந்த குழாய் தண்ணீர் லாரிக்கே நசுங்கிவிடும்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத் தனிப் பாதை. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த வழியுரிமை விதிகள் (சாலை வழியாகக் கேபிள் கொண்டுபோகும் உரிமைக்கானவை) 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன. விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான். அவர்களுக்காகத் தோண்டும் துணை ஒப்பந்ததாரர் "எல்லாம் மேலே பார்த்துக்கிட்டாங்க" என்று சொன்னால், அந்த அனுமதியின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தெருவில் மாட்டிக்கொள்வது துணை ஒப்பந்ததாரரின் ஜேசிபிதான்.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

மறுசீரமைப்புக் கட்டணம், அதாவது வெட்டிய ரோட்டைத் திரும்பப் போடும் செலவுதான் இதில் பெரிய தொகை. கணக்கு எளிது: வெட்டும் பரப்பை, அந்த மேற்பரப்புக்கான விலையால் பெருக்குவது. மண் ஓரம் மலிவு, காங்கிரீட் விலை அதிகம். உதாரணத்துக்கு, தெருவைக் குறுக்கே 5 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம் வெட்டினால் 3 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் மண் ஓரம் என்றால் 0.6 சதுர மீட்டர் மண் விலைக்கும் 2.4 சதுர மீட்டர் தார் விலைக்கும் போக வேண்டும். முழுவதையும் தார் என்று மதிப்பீட்டில் போட்டிருந்தால் கேளுங்கள், திருத்துவார்கள். குழி அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கணக்கிடுவது நியாயமானதே. வெட்டும்போது ஓரம் உடையத்தான் செய்யும்.

நீளமாகப் போகும் குழாய் என்றால், தார்ப் பகுதியை விட்டு மண் ஓரமாகப் பாதையை நகர்த்த முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். செலவில் பெரிய வித்தியாசம் வரும். சில வேலைகளுக்குக் கட்டணத்தோடு திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையும் கேட்பார்கள். எதுவாக இருந்தாலும் செலானிலோ இணையத்திலோ அலுவலகக் கணக்கிலோ கட்டி ரசீது வாங்குங்கள். "ரசீது வேண்டாம், பாதி கொடுங்க, ராத்திரியோட ராத்திரியா போட்டுடலாம்" என்று சொல்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். குழி உள்வாங்கி யாராவது வண்டியோடு விழுந்தால் அந்த மனிதர் இருக்க மாட்டார். உங்கள் வீட்டு வாசல் வரை போகும் குழாய் இருக்கும்.

கட்டணத்தைக் கட்டும்போதே ஒரு கேள்வியை முடித்துக்கொள்ளுங்கள்: மேற்பரப்பைத் திரும்பப் போடுவது நகராட்சியா, நீங்களா? பணத்தையும் கட்டிவிட்டு, தாரையும் சொந்தச் செலவில் போட்டவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டியும் யாரும் வராமல் வருடக்கணக்கில் மண் குழியாகவே கிடக்கும் தெருக்களும் இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தில் அந்த வரி இல்லாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது கிடைக்காது

புதிதாகப் போட்ட ரோட்டை வெட்டக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. ரோடு போட்ட ஒப்பந்ததாரருக்குக் குறைபாடு சரிசெய்யும் பொறுப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நீங்கள் வெட்டினால் அவர் "இனி நான் பொறுப்பில்லை" என்று கைகழுவிவிடுவார். இதற்கு ஒரே நல்ல வழி, முந்திக்கொள்வது. உங்கள் தெருவுக்கு ரோடு போட ஒதுக்கீடு வந்திருக்கிறதா என்று வார்டு கவுன்சிலரிடமும் உதவிப் பொறியாளரிடமும் கேட்டுக்கொண்டே இருங்கள். வந்துவிட்டது என்றால் தெருக்காரர்கள் சேர்ந்து, இணைப்பு வேண்டியவர்கள் எல்லோரும் ஒன்றாக மனு கொடுத்து, தார் போடும் முன் வேலையை முடித்துவிடுங்கள். வீடு கட்டப்படாத மனைக்கும் ரோட்டுக்கு அடியில் ஒரு காலிக் குழாயைப் போட்டு இரு முனையையும் மூடி வைத்துவிடலாம். இதைவிட உருப்படியான யோசனை இந்தக் கட்டுரையில் வேறு இல்லை.

வெட்டாமல் துளைத்துக்கொண்டு போகும் இயந்திரம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஃபைபருக்கு அப்படித்தான் நிறையச் செய்கிறார்கள். மண் ஆழமாக இருக்கும் இடத்தில் அருமையான முறை. பாறையில் சாதாரண இயந்திரம் திணறும், வழி விலகி வேறு குழாயில் போய் இடிக்கவும் செய்யும்.

மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அவசரமில்லாத வேலைகளை நிறுத்தி வைப்பது வழக்கம். நம் பக்கம் செப்டம்பரிலேயே நல்ல மழை பெய்துவிடும் என்பதால் ஆகஸ்டுக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். தைப்பூசச் சமயத்தில் தருமபுரி குமாரசாமிப்பேட்டைத் தேர் வரும் வீதிகளிலும், மாங்கனிக் கண்காட்சி நாட்களில் கிருஷ்ணகிரியின் முக்கியச் சாலைகளிலும் தோண்டக் கேட்டால் போலீஸே ஒப்புக்கொள்ளாது. பேருந்து போகும் எந்த ரோட்டுக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

வேலை நாள்

அனுமதிக் கடிதத்தின் நகல் களத்தில் இருக்க வேண்டும். மேஸ்திரியின் கைபேசியில் ஒரு படமும் இருக்கட்டும்.

தார், காங்கிரீட் மேற்பரப்பை முதலில் கட்டிங் மெஷினால் இரண்டு நேர்கோடாக அறுத்துவிட்டுப் பிறகு உடைக்க வேண்டும். நேரடியாக பிரேக்கரை வைத்தால் குழிக்கு வெளியேயும் ரோடு பாளம் பாளமாகக் கிளம்பும். அந்தப் பரப்பும் உங்கள் கணக்கில் சேரும். பாறை வந்தால் கம்ப்ரஸர் வைத்து உடையுங்கள். வெடி வைக்கும் பேச்சே ஊருக்குள் கூடாது; அதற்குத் தனி உரிமம் உண்டு, குடியிருப்புக்கு நடுவில் அதை யாரும் தர மாட்டார்கள்.

குழி 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுப்பதோ சரிவாக வெட்டுவதோ கட்டாயம். அள்ளிய மண்ணைக் குழி விளிம்பிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிக் குவிக்க வேண்டும். ஐ.எஸ். 3764 என்ற பாதுகாப்புத் தரம் சொல்வது இது. சந்து குறுகலாக இருந்தால் மண்ணை டிராக்டரில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள். மண் சரிந்து உள்ளே நின்றவர் புதைவது கண்மூடித் திறக்கும் நேரத்தில் நடப்பது. மார்பளவு மண்ணே மூச்சைத் திணறடிக்கும். பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழிக்குள் ஆளை இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது, கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும்.

இரவில் குழி திறந்து கிடக்காமல் இருப்பதுதான் சிறந்தது. முடியாவிட்டால் இரும்புத் தடுப்பு, ஒளிரும் பட்டை, சிவப்பு விளக்கு. நான்கு குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் நாடாவைத் தடுப்பு என்று யாரும் ஏற்க மாட்டார்கள். டூவீலரில் வருபவருக்கு அது தெரிவதற்குள் சக்கரம் உள்ளே இருக்கும்.

தோண்டும்போது அடுக்கிய செங்கலோ சிவப்பு நாடாவோ தெரிந்தால் பெரும்பாலும் கீழே மின் கேபிள்தான், நிறுத்துங்கள். கேபிளில் அடிபட்டால் ஆட்களை விலக்கிவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் வால்வு ஊழியருக்கு உடனே போன் போகட்டும். உடைந்ததை மண் போட்டு மறைத்துவிடும் பழக்கம் சில ஆட்களிடம் உண்டு. அந்த ஓட்டை வழியாகச் சாக்கடை குடிநீரில் கலக்கும்.

மூடுவது

பெரும்பாலான தெருக்கள் கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். தோண்டி எடுத்ததை அப்படியே ஜேசிபியால் தள்ளி, மேலே சக்கரத்தை நாலு முறை ஏற்றி இறக்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முதல் மழையில் ஒரு அடி உள்வாங்கும்.

சரியான முறை இப்படி. குழாயைச் சுற்றிலும் மேலேயும் எம்-சாண்டோ கல் இல்லாத சலித்த மண்ணோ போட வேண்டும்; உடைத்த பாறைத் துண்டு குழாய் மேல் விழுந்தால் அங்கேயே வருங்காலக் கசிவு ஆரம்பம். பிறகு 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கம்பாக்டரால் இடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றி "தானா செட்டாகிடும்" என்று விடுவது கம்பாக்‌ஷன் ஆகாது. மேலே ஜி.எஸ்.பி. எனும் ஜல்லிக் கலவை அடித்தள அடுக்கு, தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லியான வெட் மிக்ஸ், கடைசியில் தாரோ காங்கிரீட்டோ பேவரோ. தார் உடனே போட வழியில்லை என்றால் தற்காலிகமாகக் காங்கிரீட் போட்டு மட்டத்தைச் சமமாக வையுங்கள். மேடாக விட்டால் அது ஒரு வேகத்தடை, பள்ளமாக விட்டால் ஒரு குட்டை.

ஒவ்வொரு அடுக்கிலும், டேப்பை வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். குழாயை மூடும் முன் உதவிப் பொறியாளரையோ ஓவர்சியரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் "பணி முடிந்தது, ஆய்வு செய்யவும்" என்று கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வைப்புத்தொகை திரும்ப வருவது அந்தக் கடிதத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். கேட்காதவருக்கு அது தானாக வருவதில்லை.

இரவில் குழாய் வெடித்த மாதிரி அவசரம் என்றால், அனுமதிக்காகக் காத்திருக்க முடியாது. பொறியாளருக்குப் போனிலும் குறுஞ்செய்தியிலும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், மறுநாளே எழுத்து மனுவும் கட்டணமும் போகட்டும்.

உங்கள் தெருவை வேறு யாரோ தோண்டினால்

முதலில் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். யாருக்கு, எந்த இடத்துக்கு, எந்தத் தேதி வரை என்பதைப் பாருங்கள். சண்டை வேண்டாம்; வண்டி எண்ணும் குழியும் தெரியும்படி படம் போதும். கடிதம் இல்லை என்றால் நகராட்சி ஆணையருக்கு அன்றே எழுத்துப் புகார், அல்லது முதல்வரின் உதவி எண் 1100. தேசிய நெடுஞ்சாலையில் ஆபத்தாகக் குழி கிடந்தால் 1033. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், பின்தொடர எளிது.

வேலை முடிந்து மாதங்கள் ஆகியும் ரோடு போடவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. "ஏன் ரோடு போடவில்லை" என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். ஆவணமாகக் கேளுங்கள்: இன்ன தெருவில் வழங்கிய சாலை வெட்டு அனுமதியின் நகல், மறுசீரமைப்புக் கட்டணம் பெற்ற தேதியும் தொகையும், மறுசீரமைப்புக்கான பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தில் (செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதிவது) அந்தப் பணிக்கான பக்கத்தின் நகல். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கட்டணம் வாங்கிய தேதி இருந்து பணி ஆணை இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே இணைத்து ஆணையருக்கும், நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் அனுப்புங்கள்.